புது எக்ஸ்டர்னல் டிரைவ்: வாங்கும் முன்பும், முதல் கோப்பை ஏற்றும் முன்பும்

கணினியில் இடம் போதவில்லை என்றதும் பெரும்பாலோர் பெரிய எண் போட்ட டிரைவைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். 4 டெராபைட், 8 டெராபைட், 20 டெராபைட் என்று பெட்டிகளின் மேல் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. இடம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் பெரிய டிரைவ் பழுதானால் போவதும் மொத்தமாகப் போகும். பத்து வருடப் படங்கள், வீடியோக்கள், கணக்கு வழக்குகள் எல்லாம் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றில் இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் வேகம், கொள்ளளவு ஆகியவற்றைவிட, புது டிரைவைச் சோதித்து நம்பிக்கைக்குரியதாக்கும் வேலைக்குத்தான் அதிக இடம். இதுவரை பென் டிரைவ் மட்டுமே பயன்படுத்தியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

கடைக்கோ இணையத்துக்கோ போகும் முன், இப்போது உங்களிடம் எவ்வளவு தரவு இருக்கிறது என்று பாருங்கள். படங்கள், வீடியோக்கள் இருக்கும் கோப்புறைகளின் அளவைக் கூட்டினால் போதும். அதைப்போல இரண்டு மடங்கு வாங்கினால் சில வருடங்களுக்குக் கவலையில்லை. ஐந்து மடங்கு வாங்குவதால் பெரிய பயன் இல்லை. அந்தப் பணத்தில் இரண்டாவது டிரைவ் ஒன்று வாங்கலாம். ஏன் என்று பின்னால் வருகிறது.

அடுத்து, டிரைவை என்ன செய்யப்போகிறீர்கள்? பையில் போட்டு ஊர் சுற்றப்போகிறதா, மேசையிலேயே கிடக்கப்போகிறதா? அதிலிருந்தே வீடியோ எடிட் செய்யப்போகிறீர்களா, எழுதி எடுத்து அலமாரியில் வைக்கப்போகிறீர்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் எந்த வகை என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

பழைய வகை, 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க். யூஎஸ்பி கேபிளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், தனி அடாப்டர் வேண்டாம். உள்ளே காந்தத் தட்டுகள் சுழல்கின்றன. வேகம் நொடிக்கு 100 முதல் 140 மெகாபைட் வரை. ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவு, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியைவிடக் குறைவு. இந்த அளவு டிரைவுகள் பல வருடம் 5 டெராபைட்டிலேயே நின்றுவிட்டன. 2024இல்தான் வெஸ்டர்ன் டிஜிட்டல் 6 டெராபைட் டிரைவைக் கொண்டுவந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது.

3.5 அங்குல மேசை டிரைவ் அடுத்தது. இதற்குத் தனி மின் அடாப்டர் கட்டாயம். உயரமும் எடையும் அதிகம், பையில் கொண்டுபோக ஏற்றதல்ல. ஆனால் பெரிய கொள்ளளவு இங்கேதான் கிடைக்கிறது. உள்ளே பத்துத் தட்டுகளுக்கு மேலும் அடுக்க இடமிருக்கிறது. பெரிய மாடல்களில் காற்றுக்குப் பதில் ஹீலியம் நிரப்புகிறார்கள். இழுவை குறைவதால் மெல்லிய தட்டுகளை நெருக்கமாக வைக்க முடிகிறது. 2024இல் சீகேட் அறிமுகப்படுத்திய 30 டெராபைட்டுக்கும் மேற்பட்ட டிரைவுகளில், எழுதும் இடத்தை மட்டும் குட்டி லேசர் ஒரு கணம் சூடாக்கி, அந்தச் சூட்டில் எழுதுகிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு அந்த அளவு தேவைப்படாது, ஆனால் மேசை டிரைவ் ஏன் மேலே மேலே போகிறது, கையடக்க டிரைவ் ஏன் நின்ற இடத்தில் நிற்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது எஸ்எஸ்டி. சுழலும் பாகம் எதுவும் இல்லை, எல்லாம் சிப்தான். சிறியது, சத்தமில்லாதது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். 1, 2, 4 டெராபைட் சாதாரணமாகக் கிடைக்கின்றன. 8 டெராபைட்டும் வந்துவிட்டது. பையில் போட்டுத் திரிபவர்களுக்கும், டிரைவிலிருந்தே நேரடியாக எடிட் செய்பவர்களுக்கும் இதுதான் சரி. வருடத்துக்கு இரண்டு முறை எடுத்துப் பார்க்கும் பேக்கப்புக்கு எஸ்எஸ்டி வாங்குவது, என் கருத்தில், வீண் செலவு.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு: கணினிக்குள் போடும் எம்.2 எஸ்எஸ்டியையும் காலி உறை ஒன்றையும் தனித்தனியே வாங்கி நீங்களே பொருத்திக்கொள்வது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் பத்து நிமிட வேலை. வாங்கும் முன் எஸ்எஸ்டி என்விஎம்இ வகையா சாட்டா வகையா என்றும், உறை அந்த வகையை ஏற்குமா என்றும் பாருங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுக்கான உறையில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம்.

இரண்டாம் படி: பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகுங்கள்

1 டெராபைட் டிரைவைச் சொருகியதும் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று முதல் நாளே பலர் பதறுகிறார்கள். ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுத்துக்கொண்டு அதே பெயரைப் போடுகிறது. 4 டெராபைட் என்பது 3.63 என்று தெரியும். மேக்கில் 2009 முதல் ஆயிரம் கணக்குதான், அதனால் அங்கே பெட்டியில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும்.

வேகத்தின் பெயர்களோ பெரிய குழப்பம். 2008இல் யூஎஸ்பி 3.0 என்று வந்தது, பின்னர் யூஎஸ்பி 3.1 ஜென் 1 ஆனது, அதற்குப் பின் யூஎஸ்பி 3.2 ஜென் 1 ஆனது. மூன்றும் ஒன்றேதான், வேகம் 5 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு 5 கிகாபிட். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஜிபிபிஎஸ் எண்ணை மட்டும் தேடுங்கள். 5 என்றால் நடைமுறையில் நொடிக்கு 400 மெகாபைட்டைச் சற்றுத் தாண்டும். 10 என்றால் ஏறக்குறைய 1,000. அதன் மேல் 20, 40, 80 என்று போகின்றன. ஹார்ட் டிஸ்க்குக்கு 5 தாராளம். தட்டு சுழலும் வேகம் அதற்கு மேல் தராது. ஹார்ட் டிஸ்க் பெட்டியில் "அதிவேக யூஎஸ்பி" என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

20 ஜிபிபிஎஸ் டிரைவில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். இந்த வேகத்துக்கு கணினியின் போர்ட்டும் அதே வகையை ஏற்க வேண்டும். பல மடிக்கணினிகளிலும் பெரும்பாலான மேக்குகளிலும் அது இல்லை. அவற்றில் சொருகினால் 10க்கு இறங்கிவிடும். உங்கள் கணினியின் போர்ட் எதுவென்று தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு டிரைவைத் தேர்ந்தெடுங்கள். போனில் சொருகி வீடியோ எடுக்கும் எண்ணம் இருந்தால் அங்கேயும் இதே கதைதான்: ஐபோன் 15, 16 இரண்டிலும் சாதாரண மாடல்களின் சி போர்ட் யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் ஓடும், புரோ மாடல்களில்தான் 10 ஜிபிபிஎஸ் கிடைக்கும்.

அப்புறம் கேபிள். டிரைவ் மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பல கேபிளில்தான் போய் முடிகின்றன. போன் சார்ஜருடன் வரும் சி கேபிள் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அவற்றில் பல யூஎஸ்பி 2.0 வேகத்துக்கே கம்பி கொண்டவை. அதில் சொருகினால் எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியும் நொடிக்கு 40 மெகாபைட்டுக்குள் தவழும். டிரைவுடன் பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். அதில் ஒரு துண்டு வண்ண டேப் ஒட்டி அடையாளம் வைத்தால் மற்ற கேபிள்களோடு கலக்காது. ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் இன்னும் அகலமான மைக்ரோ பி முனைதான் வருகிறது. சொருகும்போது அசைத்து அசைத்துத் தள்ளாமல் நேராக உள்ளே விடுங்கள். அந்த முனை ஆடத் தொடங்கினால் டிரைவ் அடிக்கடி தொடர்பு அறுந்து போகும், பழுதானது டிரைவே என்று நினைக்க வைக்கும்.

பெட்டியில் எழுதாத இரண்டு விஷயங்கள்

இவை இரண்டும் விளம்பரத்தில் வராது. ஆனால் பெரிய டிரைவை முதன்முறை நிரப்பும்போது நேரில் வந்து நிற்கும்.

பெரிய கொள்ளளவுள்ள 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. கூரையில் ஓடு வேய்வதுபோல, தட்டில் ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் ஏறிப் படுத்திருக்கும். இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒரு தடத்தைத் திருத்தினால் அதை ஒட்டியுள்ளவற்றையும் மறுபடி எழுத வேண்டும். காலி டிரைவில் ஒரே மூச்சில் பெரிய கோப்புகளை ஏற்றும்போது தொந்தரவு தெரியாது. பாதி நிரம்பிய டிரைவில் அழித்து, எழுதி, மறுபடி அழித்து எழுதினால் வேகம் திடீரென்று நொடிக்கு 20, 30 மெகாபைட்டுக்கு விழும், சில சமயம் நின்றே விடும். பழுது இல்லை, அதன் இயல்பு. பேக்கப்புக்கும் திரைப்படச் சேமிப்புக்கும் எஸ்எம்ஆர் போதும். பல டிரைவுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்புக்கு வேண்டாம். 2020இல் நாஸ் பெட்டிகளுக்கென்று (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகள்) விற்ற சில டிரைவுகள் எஸ்எம்ஆர் என்று பின்னால் தெரியவந்து பெரிய சர்ச்சையானது, அதன் பிறகுதான் தயாரிப்பாளர்கள் எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலை வெளிப்படையாகப் போட ஆரம்பித்தார்கள்.

எஸ்எஸ்டியிலும் இதேபோல ஒன்று உண்டு. நொடிக்கு 1,000 மெகாபைட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் முதல் சில பத்து ஜிபிக்குத்தான். டிரைவ் தன் சிப்புகளில் ஒரு பகுதியை வேகமான தாங்கலாக வைத்துக்கொண்டு முதலில் அதில் எழுதும். அது நிரம்பியதும் உண்மையான வேகம் வெளிப்படும். ஒரு செல்லில் நான்கு பிட் எழுதும் க்யூஎல்சி வகையில் அந்த உண்மையான வேகம் ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கே இறங்குவதும் உண்டு. படங்கள், ஆவணங்கள் வைப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். ஒரே தடவையில் 500 ஜிபி வீடியோவைக் கொட்டுபவர், வாங்கும் முன் அந்த மாடலின் "தொடர் எழுதும் வேகம்" பற்றிய சோதனை முடிவுகளைத் தேடிப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் படி: போலியைத் தவிர்ப்பது

கட்டைவிரல் அளவு எஸ்எஸ்டி, 16 டெராபைட், நம்பவே முடியாத மலிவு விலை என்று இணையத்தில் பார்த்திருப்பீர்கள். வேண்டாம். கையடக்க எஸ்எஸ்டியில் 8 டெராபைட்டே அண்மையில்தான் வந்தது, அதுவும் விலை எகிறும் பொருள். அந்த மலிவுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு மெமரி கார்டோ, சாதாரண பென் டிரைவ் சிப்போதான் இருக்கும்.

இதில் மோசமான பகுதி, அது வேலை செய்வதுபோலவே காட்டும் என்பதுதான். டிரைவின் உள்மென்பொருளைத் திருத்தி "நான் 16 டெராபைட்" என்று கணினியிடம் சொல்ல வைத்திருப்பார்கள். விண்டோஸும் அப்படியே காட்டும். கோப்புகள் ஏறும், பெயர்கள் வரிசையாகத் தெரியும். உண்மையான 64 ஜிபியோ 128 ஜிபியோ தீர்ந்த பிறகு வரும் தரவு பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் காற்றில் போகும். சில மாதம் கழித்து ஒரு வீடியோவைத் திறக்கும்போதுதான் விஷயம் தெரியும். அதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்கும் காலமும் முடிந்திருக்கும்.

தெரிந்த நிறுவனத்தின் பெயரை ஒட்டிய போலியும் உண்டு. அதனால் நல்ல பிராண்ட் வாங்கினாலும் அடுத்த படியைத் தவிர்க்காதீர்கள்.

நான்காம் படி: ஏற்றும் முன் சோதனை

டிரைவ் கையில் கிடைத்ததும் கோப்புகளை ஏற்றத் தோன்றும். ஒரு நாள், பெரிய டிரைவென்றால் இரண்டு மூன்று நாள், பொறுத்துக்கொள்ளுங்கள். காலி டிரைவில் பிழை தெரிந்தால் மாற்றிக்கொள்வது எளிது.

1. பெட்டி, டிரைவின் அடியில் உள்ள சீரியல் எண் இரண்டையும் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் வாரண்டிப் பகுதியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண்ணே இல்லை என்று வந்தால் அப்போதே திருப்பிக் கொடுங்கள்.

2. விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் திறங்கள். டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவை இது காட்டும். புது டிரைவில் ஓடிய மணி நேரம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் பழையதைப் புதிதென்று விற்றிருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் என்றால், தட்டில் பழுதான, சந்தேகத்துக்குரிய இடங்களை எண்ணிக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். மூன்றிலும் கடைசி மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்மோன்டூல்ஸ் இதே வேலையைச் செய்யும், ஆனால் யூஎஸ்பி வழியாக ஸ்மார்ட் பதிவைக் காட்டாத டிரைவுகளும் உண்டு, மேக்கில் அது இன்னும் சிரமம்.

3. இப்போது முழுச் சோதனை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் இலவசம், இரண்டின் வேலையும் ஒன்றுதான்: டிரைவின் காலி இடம் முழுவதையும் சோதனைக் கோப்புகளால் நிரப்பி, பிறகு அத்தனையையும் திரும்பப் படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிடும். போலி டிரைவ் இதில் தப்பவே முடியாது. புது டிரைவின் பிறவிக் குறையும் பெரும்பாலும் இங்கேயே வெளிவந்துவிடும்.

4. முடிந்ததும் மறுபடி ஸ்மார்ட் பதிவைத் திறந்து அந்த மூன்று வரிகளும் இன்னும் பூஜ்யமா என்று பாருங்கள். ஒன்றில் எண் ஏறியிருந்தால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும், மாற்றிக் கேளுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 5 டெராபைட்டை எழுத ஏறக்குறைய 14 மணி நேரம், படிக்க இன்னொரு 14. நொடிக்கு 200 வேகமுள்ள 20 டெராபைட் மேசை டிரைவில் எழுதவே 28 மணி நேரம். மடிக்கணினி தூங்கிவிடாதபடி மின் அமைப்பை மாற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் டிரைவை வைத்து, விட்டுவிடுங்கள். இப்படி முழுவதும் எழுதினால் எஸ்எஸ்டியின் ஆயுள் குறையாதா என்று கேட்பார்கள். எஸ்எஸ்டிகள் தங்கள் கொள்ளளவைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு எழுதத் தாங்கும். ஒரு முறை நிரப்புவதால் ஒன்றும் ஆகாது.

ஐந்தாம் படி: ஃபார்மேட்

டிரைவுகள் ஏற்கெனவே ஃபார்மேட் செய்யப்பட்டு, அதாவது கோப்புகளை அடுக்கும் முறை ஒன்று போடப்பட்டுத்தான் வரும், ஆனால் உங்களுக்கு வேண்டிய வகையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் மட்டும்தான் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் மட்டும்தான் என்றால் எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ ஏபிஎஃப்எஸ். டைம் மெஷின் பேக்கப்புக்கும் அதுவே. லினக்ஸ் மட்டும் என்றால் எக்ஸ்ட்4.

விண்டோஸுக்கும் மேக்குக்கும் நடுவில் போய் வர வேண்டிய டிரைவுக்கு எக்ஸ்ஃபேட். மேக், என்டிஎஃப்எஸ் டிரைவைப் படிக்கும், ஆனால் தானாக அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் எல்லாரும் படிக்கவும் எழுதவும் முடியும். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. எழுதும் நடுவில் கேபிள் பிடுங்கப்பட்டால் என்டிஎஃப்எஸும் ஏபிஎஃப்எஸும் ஓரளவு தங்களைச் சரிசெய்துகொள்ளும், எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்னொன்று, விண்டோஸ் பெரிய டிரைவை எக்ஸ்ஃபேட்டாக மாற்றும்போது ஒவ்வொரு கோப்புக்கும் குறைந்தது 128 கேபி இடத்தை ஒதுக்கும். 4 கேபி அளவுள்ள ஒரு லட்சம் கோப்புகள் 400 எம்பி எடுக்க வேண்டிய இடத்தில் 12 ஜிபிக்கு மேல் விழுங்கும். வீடியோவுக்கு இது ஒன்றுமில்லை; நிரல் கோப்புகள், மின்னஞ்சல் சேமிப்பு போன்றவற்றுக்கு உறுத்தும்.

ஃபேட்32 பற்றி ஒரே வரி: 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது, டிவி அதைத் தவிர வேறெதையும் படிக்க மறுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

செய்முறை எளிது. விண்டோஸில் டிரைவின் மேல் வலது கிளிக், ஃபார்மேட், வகையைத் தேர்ந்தெடுத்து, முழுச் சோதனை முடிந்திருப்பதால் குவிக் ஃபார்மேட்டையே கொடுக்கலாம். "இனிஷியலைஸ்" செய்யச் சொல்லிக் கேட்டால், டிரைவின் பகுதிகளைக் குறித்துவைக்கும் இரண்டு அட்டவணை வகைகள் தெரியும்: எம்பிஆர் வேண்டாம், ஜிபிடியை எடுங்கள். எம்பிஆரில் 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்த முடியாது. மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் எல்லா டிவைஸ்களையும் காட்டச் சொல்லி, இடப்பக்கம் டிரைவின் மேல்மட்ட வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தால், ஜியுஐடி பார்ட்டிஷன் மேப் என்ற தேர்வு தெரியும். அதை எடுங்கள். எந்த டிரைவை அழிக்கிறோம் என்று பெயரையும் அளவையும் இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள், வேறு எக்ஸ்டர்னல் எதுவும் அப்போது சொருகியிருக்க வேண்டாம்.

பூட்டுவதா வேண்டாமா என்றும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வெளியே கொண்டுபோகும் டிரைவுக்குக் குறியாக்கம் தேவை. தொலைந்தால் பொருள் மட்டும் போகும், உள்ளிருப்பது அடுத்தவர் கைக்குப் போகாது. விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், மேக்கில் ஏபிஎஃப்எஸ் என்கிரிப்டட், லினக்ஸில் லக்ஸ். விண்டோஸ் ஹோமில் பிட்லாக்கர் போட்ட டிரைவைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட முடியாது. அங்கேயும், மூன்று இயங்குதளங்களுக்கும் பொதுவாகவும் வெராகிரிப்ட் இருக்கிறது. கடவுச்சொல் மறந்தால் யாராலும் திறந்து தர முடியாது. மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள், அந்த டிரைவுக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: ஏற்றுவது

கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி செய்யுங்கள், சரிபாருங்கள், அதன் பிறகு பழையதை அழிக்கலாம். நடுவில் கேபிள் அசைந்து தொடர்பு அறுந்தால் காப்பி அரைகுறையாக நிற்கும், ஆனால் மூலம் பத்திரமாக இருக்கும்.

சரிபார்க்கக் குறைந்தபட்சம் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட் அளவையும் ஒப்பிடுங்கள். முக்கியமானவற்றுக்கு, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் மென்பொருள் நல்லது: விண்டோஸில் டெராகாப்பி, மற்றவற்றில் ஆர்சிங்க்கை செக்சம் தேர்வோடு ஓட்டலாம். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் இருந்தால் எந்த டிரைவும் மெதுவாகத்தான் போகும். அவற்றை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி ஏற்றினால் நேரம் கணிசமாகக் குறையும்.

விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு: பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளை யூஎஸ்பி டிரைவில் சேமித்து வைக்கலாம், அதிலிருந்தே ஓட்ட முடியாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் எழுதப்பட்ட விளையாட்டுகளும் அப்படித்தான்.

ஏழாம் படி: இரண்டாவது பிரதி

இங்கேதான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். கணினியில் இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் புது டிரைவுக்கு மாற்றி, கணினியில் இருந்ததை அழித்துவிட்டு, "பேக்கப் எடுத்துவிட்டேன்" என்பார்கள். அது பேக்கப் இல்லை. முன்பும் ஒரே பிரதி, இப்போதும் ஒரே பிரதி, இடம்தான் மாறியிருக்கிறது. வாரண்டி இருக்கிறதே என்றால், வாரண்டியில் புது டிரைவ் தருவார்கள், உள்ளே இருந்த படங்களைத் தர மாட்டார்கள்.

பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 என்ற கணக்கு இன்றும் செல்லும்: மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். ஆரம்பத்தில் இது மலைப்பாகத் தெரியலாம். முதலில் இரண்டு பிரதியாவது வையுங்கள். 8 டெராபைட் டிரைவ் ஒன்று வாங்கும் பணம் இருந்தால் 4 டெராபைட்டில் இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே தொகுதியிலிருந்து வராமல் வெவ்வேறு தயாரிப்பாளருடையதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே பிறவிக் குறை இரண்டிலும் இருக்கும் வாய்ப்பு குறையும். பிரதி எடுத்து முடித்ததும் இரண்டாவதைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். எப்போதும் சொருகியே இருக்கும் பேக்கப்பை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், கணினியோடு சேர்த்துப் பூட்டிவிடும்.

தானாக நடக்க விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின். டைம் மெஷினுக்கு மேக்கின் உள்சேமிப்பைப்போலக் குறைந்தது இரண்டு மடங்கு டிரைவை ஆப்பிள் பரிந்துரைக்கிறது. இருபுறமும் ஒன்றுபோல வைக்கும் "மிரர்" வகை மென்பொருள்களில் எச்சரிக்கை வேண்டும்: இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அழிந்தவற்றைத் தனிக் கோப்புறையில் சில காலம் வைத்திருக்கும் தேர்வு ஃப்ரீஃபைல்சிங்க்கில் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

மாதத்துக்கு ஒரு முறையாவது பேக்கப்பிலிருந்து ஏதாவது இரண்டு கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்க முடியாத பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

அன்றாடக் கவனிப்பு

எஜெக்ட் செய்துவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து விண்டோஸ் யூஎஸ்பி டிரைவுகளுக்கு "உடனே கழற்றலாம்" என்ற அமைப்பைத்தான் இயல்பாக வைத்திருக்கிறது, ஆனாலும் பின்னணியில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கலாம். லினக்ஸில் காப்பி முடிந்ததாகத் திரை சொன்ன பிறகும் பல ஜிபி தரவு நினைவகத்திலேயே காத்திருக்கும், எஜெக்ட் கொடுத்தால்தான் முழுவதும் இறங்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் எஜெக்ட் ஆன பிறகும் சுழற்சி நிற்கச் சில நொடி விட்டுத் தூக்குங்கள்.

2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை மின் இணைப்பு இல்லாத ஹப்பில் சொருகாதீர்கள். மின்சாரம் போதாமல் டிக் டிக் என்று சத்தமிட்டு, சுழல முயன்று நின்றுபோகும். கணினியில் நேராகச் சொருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எஸ்எஸ்டியை எழுதி மூடி வருடக்கணக்கில் அலமாரியில் வைக்க வேண்டாம். சிப்பில் தரவு மின்னூட்டமாக நிற்கிறது, மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாகக் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது ஜெடெக் அமைப்பின் தரநிலை. புதிது அதைவிட நெடுநாள் தாங்கும். இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொருகி, கோப்புகளைப் படித்துப் பார்ப்பது நல்லது. நீண்ட காலம் தூங்க வைக்கும் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு.

ஹார்ட் டிஸ்க்கில் கட கட என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால், அல்லது கோப்புறை திறக்க நிமிடக்கணக்கில் ஆனால், மேலும் மேலும் முயலாதீர்கள். பழுது நீக்கும் கட்டளைகளையும் ஓட்டாதீர்கள். சாகும் டிரைவில் அவை கடைசி மூச்சை வீணடிக்கும். வேறு பிரதி இருந்தால் கவலையே இல்லை, டிரைவை வாரண்டிக்கு அனுப்பலாம். இல்லையென்றால் உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். பெட்டியைப் பிரித்து உள் டிரைவை மட்டும் எடுத்து வேறு கணினியில் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். சில கையடக்க மாடல்களில் யூஎஸ்பி முனை உள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், வேறெங்கும் சொருக முடியாது.

கடைசியாக, பழைய டிரைவை விற்கும் முன். ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸில் குவிக் ஃபார்மேட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விஸ்டா முதல் வந்த பதிப்புகளில் அது டிரைவ் முழுவதும் பூஜ்யம் எழுதும். எஸ்எஸ்டியில் இப்படி மேலெழுதினாலும் கணினியின் கண்ணுக்குத் தெரியாத உதிரிச் செல்களில் மிச்சம் இருக்கக்கூடும், அதனால் தயாரிப்பாளர் தரும் அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். முதல் நாளே குறியாக்கம் செய்த டிரைவென்றால் இவ்வளவு பாடு இல்லை: குவிக் ஃபார்மேட் கொடுத்து, மீட்புக் குறியீடு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டால் போதும்.